இடது பக்கத்து ரப்பர்

போன மாதம் என் காரை சர்வீசுக்கு விட ஈப்போவில் என் பழைய பட்டறைக்குப் போயிருந்தேன். நான் ஃபோர்மேனாக இருந்த இடத்தில் இப்போது குமரன் இருக்கிறான். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் செருகிவிட்டுக் கையிலிருந்த திரையைப் பார்த்தான். "அண்ணே, உங்க காடியே சொல்லிருச்சு. பின்னாடி சென்சர் போச்சு," என்றான்.

எனக்கு இதில் வருத்தம் எதுவும் கிடையாது. அந்தக் கருவி என் காலத்தில் இருந்திருந்தால் என் முதுகெலும்பு பாதியாவது மிஞ்சியிருக்கும். ஆனால் குமரன் சும்மா இருப்பானா? "ஸ்கேனர்ல வராத பிரச்சின ஒன்னு சொல்லுங்கண்ணே பாப்போம்," என்று சீண்டினான். ஒரு காரைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவன் கையிலிருந்த டீ ஆறிப்போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், மீசை சரியாக முளைக்காத வயதில், ஈப்போவுக்கு வந்து, சீன முதலாளி லாம் தவுக்கேயின் பட்டறையில் சேர்ந்தேன். முதலில் சாமான் கழுவினேன், பிறகு கிரீஸ் அடித்தேன், பிறகு பிரேக், பிறகு என்ஜின். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் நாற்றம் மட்டும் இன்னும் விரல்களில் இருப்பது போலத் தோன்றும். என் முழுப்பெயர் ஆரோக்கியசாமி. தவுக்கே வாய்க்கு அவ்வளவு நீளம் ஆகாது. ஞாயிறு தவறாமல் கோயில் பூசைக்குப் போகும் வேதக்காரனை அவர் வாழ்நாள் முழுக்க 'சாமி' என்றே கூப்பிட்டார்.

லாம் தவுக்கேயைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான உடம்பு, வெள்ளைப் பனியன், காக்கிக் கால்சட்டை. ஊரார் கார்களையெல்லாம் பழுது பார்த்தவர், தான் மட்டும் சைக்கிளில் வந்து போனார். பீடோரில் அவர் அப்பாவின் மளிகைக் கடை ஒரு தோட்டத்து வாசலில் இருந்ததாம். அந்தக் கடையில் வளர்ந்ததால் எங்கள் தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. மரியாதை விகுதி மட்டும் அவர் தமிழில் கிடையாது. மாவட்ட அதிகாரியே வந்தாலும் "நீ உக்காரு" தான்.

ஒரு கார் வந்தால் அவர் உடனே போனட்டைத் திறக்க மாட்டார். உள்ளே ஏறி, கண்ணாடிகளை ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். இருக்கையின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, பிரேக் மிதியின் எந்த மூலை வழவழப்பாக இருக்கிறது, உள்ளே என்ன வாடை அடிக்கிறது என்று பார்ப்பாராம். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு டாக்சிக்காரர் பின்பக்கத்துச் சத்தம் தாங்கவில்லை என்று வந்தார். எங்களில் ஒருவன் சத்தத்தைக் கேட்டதுமே கியர்பாக்ஸ் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். தவுக்கே உள்ளே போய் உட்கார்ந்தார், மூக்கைச் சுளித்தார், இறங்கிவந்து பின்னிருக்கைக்கு அடியில் கையை விட்டார். காய்ந்த இறால் போட்ட ஒரு தகர டப்பா உருண்டு வந்தது. டாக்சிக்காரர் மனைவி எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்டது.

கழற்றிய சாமானை என்ன செய்வது என்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. பட்டறையின் நடுவில் ஒரு பெரிய தகரத்தை விரித்து வைத்திருப்பார். கழற்றும் வரிசையிலேயே ஒவ்வொன்றையும் அதில் அடுக்க வேண்டும். இடது பக்கத்துச் சாமான் இடது பக்கம், வலது வலது பக்கம். தேய்ந்ததோ உடைந்ததோ, சொந்தக்காரர் கண்ணால் பார்க்கும் வரை ஒரு வாஷர்கூடக் குப்பைக்குப் போகக் கூடாது. காரணம் நிச்சயமாகத் தெரிகிற வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. "நீ வாய் தொறந்தா, அப்புறம் உன் கண்ணு அதத்தான் தேடும் சாமி," என்பார்.

எண்பதுகளின் நடுவில் ஈயத்தின் விலை விழுந்து, சுற்றியிருந்த ஈயச் சுரங்கங்கள் மூடி, ஈப்போவே சோர்ந்து கிடந்த காலம். பட்டறையில் வேலை குறைவு. ஒரு காலையில் ஒரு பெண் இடது காலைச் சற்று இழுத்தபடி நடந்து வந்தாள். வயது இருபதுகளில் இருக்கும், பெயர் வாசுகி, பள்ளி ஆசிரியை, வீடு புந்தோங்கில். அவளுடைய அண்ணன் குணாவின் கார் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பதாகச் சொன்னாள். மாடலைச் சொன்னதும் எனக்குச் சட்டென்று நிமிரத் தோன்றியது. ஜெர்மன்காரன் செய்த சின்ன வண்டி. பின்பக்கம் முழுக்கக் கதவு போல மேலே தூக்கித் திறக்கும். பார்வைக்குச் சாது, மிதித்தால் பெரிய கார்களைத் திணறடிக்கும். ஒரு தோட்ட மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது குணா வாங்கியது.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால கேமரன் மலையில இருந்து இறங்கி வர்றப்ப அடிபட்டுருச்சு," என்றாள். "நானும் அதுலதான் இருந்தேன். இந்தக் கால் அப்படித்தான் ஆச்சு."

"வித்துடு. உதிரியா கேட்டா நான் ஆள் சொல்றேன்," என்றார் தவுக்கே.

"விக்க வரல தவுக்கே. ஓட வைக்கணும். அதுக்கு முன்னாடி அன்னிக்கு என்ன ஆச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்." அவள் குரல் உயரவில்லை. "அண்ணன் வேகமா போகல. வளைவுக்கு முன்னாடி பிரேக் வச்சாரு. வச்ச உடனே காடி தானா இடது பக்கம் இழுத்துக்கிட்டுப் போயி பாறையில மோதுச்சு. நான் பாத்தேன். ஆனா யாரும் நம்பல. அண்ணனக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்க."

"யாரு நம்பல?"

"அப்பா. அன்னிக்கு ஆஸ்பத்திரியில 'மெதுவா போ மெதுவா போன்னு எத்தன தடவ சொன்னேன்'னு அண்ணன் மொகத்துக்கு நேரா கேட்டாரு. அதுதான் கடைசி. ஒரே வீடு, ஒரே மேச, இன்னிக்கு வரைக்கும் பேச்சு இல்ல. அண்ணன் அதுக்கப்புறம் ஸ்டியரிங்கத் தொடல. வேலைக்கு பஸ்ல போறாரு. பக்கத்துல ஒரு காடி பிரேக் போட்டாக்கூட கம்பிய இறுகப் புடிச்சுக்கிறாரு."

தவுக்கே அவள் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சாமி, லோரி எடு," என்றார்.

புந்தோங்கில் அவர்கள் வீடு சின்னது, ஆனால் துடைத்து வைத்தது போலச் சுத்தம். அப்பா மாணிக்கம் எங்களை வாங்க என்று சொல்லி, மனைவி வெளியே போயிருந்ததால் தானே தேநீர் கலக்கிக் கொடுத்தார். சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஆலையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். பாலை உறைய வைத்து, தகடாக உருட்டி, புகையில் காய வைத்து, ஒவ்வொரு தகடாக வெளிச்சத்தில் பிடித்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. தோட்டத்தை விற்றுச் செம்பனை நட்ட பிறகு மகனோடு ஈப்போவுக்கு வந்திருக்கிறார். நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்றதும் முகம் மலர்ந்தது. காரைப் பற்றிப் பேச்சு வந்ததும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

"அந்தக் காடிய நான் புள்ள மாதிரிப் பாத்துக்கிட்டேன் தம்பி. கழுவுறது, தொடைக்கிறது எல்லாம் நான்தான். அவனுக்கு ஓட்டத்தான் தெரியும். அதையும் ஒழுங்கா ஓட்டல."

குணா உள்ளறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

காரை லோரியில் ஏற்றும் நேரத்தில் தவுக்கே முன்பக்கத்தில், முன்பு அந்தக் காரை நிறுத்திய கொட்டகையில் சும்மா நின்றார். நீளமான, குறுகலான இடம். வலது பக்கம் வீட்டுச் சுவர், இடது பக்கம் ஆள் நடமாட இடம். அந்த இடது பக்கத்து விளிம்பில் ஒரு கண்ணாடிப் போத்தலும் அதனுள் ஒரு கோழி இறகும் இருந்தன. தவுக்கே மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மூடினார். எடுத்த இடத்திலேயே, எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவென்று கேட்டால் பதில் வராது என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

பட்டறைக்கு வந்ததும் வழக்கம் போல அவர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று வெகுநேரம் இருந்தார். பிறகு வேலை தொடங்கியது.

முன்பக்கம் இடது மூலை நசுங்கியிருந்தது. தரையில் துரு. உடம்பைப் பக்கத்தில் தகரம் தட்டும் கடையில் நிமிர்த்தினோம், துருப்பிடித்த தரையை வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்தோம். அடிப்பக்கத்தை நானே கழற்றினேன். சக்கரத்தைத் தாங்கும் கைகள் உடம்போடு சேரும் இடங்களில் ரப்பர் புஷ்கள் இருக்கும். இரும்பும் இரும்பும் மோதாமல் நடுவில் இருந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அவைதான். அவற்றையும் தகரத்தில் அடுக்கினேன். இடது இடது பக்கம், வலது வலது பக்கம்.

அடுக்கி முடித்ததும் தவுக்கே ஒவ்வொரு புஷ்ஷையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். வலது பக்கத்தவை கல் போல இருந்தன. இடது பக்கத்தவை உப்பி, பழுத்த பழம் மாதிரி விரலுக்கு இடம் கொடுத்தன. முன்பக்கம் அடிபட்ட இடம், அதனால் அப்படி இருக்கலாம் என்று நான் நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து இடது பின்சக்கரத்துப் புஷ்ஷின் மேல் வைத்தார். அதுவும் உப்பியிருந்தது. பின்பக்கம் எங்கேயும் மோதவே இல்லை.

ஒரு கத்தியை எடுத்து அதை இரண்டாக அறுத்து என் மூக்கருகே நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் வாடை. எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய். கோழி இறகும் போத்தலும் கண்முன் வந்தன.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு மீதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பால் கையில் ஒட்டாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வார்கள். ரப்பர் காய்ந்தால் வெடிக்கும், எண்ணெய் பட்டால் பளபளக்கும் என்பது எங்களுக்கெல்லாம் தாய்ப்பாலோடு வந்த நம்பிக்கை. மாணிக்கம் அண்ணன் காரைக் கழுவிய பிறகு ஒவ்வொரு முறையும் தரையில் படுத்து, இறகால் ரப்பருக்கு எண்ணெய் தடவியிருக்கிறார். வலது பக்கம் சுவர் நெருக்கிப் படுக்க இடமில்லாததால் கை எட்டவில்லை. எட்டிய பக்கமெல்லாம் மனதாரத் தடவியிருக்கிறார். எண்ணெயைக் குடித்துக் குடித்து அந்த ரப்பர் உள்ளுக்குள் கொழகொழத்துப் போயிருக்கிறது. பிரேக் போட்டால் வலது சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும், இடது சக்கரம் பின்வாங்கித் திரும்பும். கார் இடது பக்கம் ஓடும்.

"தவுக்கே, இத அந்தப் பெரியவருக்குச் சொல்ல வேணாம்," என்றேன். "தெரிஞ்சா அவரு ஒடிஞ்சு போயிருவாரு. காடியச் சரிபண்ணிக் குடுத்துடுவோம்."

அவர் கத்தியைத் துடைத்தார். "உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"வாடையே சொல்லுதே."

"வாடை சொல்றது உனக்கும் எனக்கும்தான். ஒரு மனுசன் மேல பழி போடறதுக்கு வாடை போதாது. இன்னும் பாக்கணும்." புதுப் புஷ் ஒன்றை அறுத்து, ஒரு பாதியை என் வீட்டு வெந்தய எண்ணெயில் போட்டு வைத்தார், மறுபாதியைச் சும்மா அலமாரியில் வைத்தார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதன்பின் நடந்தது என் தொழில் வாழ்க்கையின் இனிமையான வேலை. பழையபடி ஆக்கினால் போதாது என்றார் தவுக்கே. மோதிய அதே காராக அது திரும்பி வந்தால் அந்தப் பையன் உள்ளே ஏற மாட்டான், கொஞ்சமாவது வேறு காராக வேண்டும் என்பது அவர் எண்ணம். கொஞ்சம்தான், அதிகம் கூடாது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, முகத்தை மயிரிழை சீவி அழுத்தத்தைக் கூட்டினார். காற்று போகும் துளைகளுக்குள் விரலை விட்டு மேடுபள்ளம் பார்த்து, என்னைச் சின்ன அரத்தால் ராவ வைத்தார். கண்ணால் பார்க்கவே விடவில்லை. விரல்தான் பார்க்க வேண்டுமாம். கார்புரேட்டரை இரட்டைத் தொண்டை உள்ளதாக மாற்றினோம். சைலன்சர் குழாயைச் சற்று அகலமாக்கினோம். சற்றே குட்டையான, விறைப்பான ஸ்பிரிங், அதற்கேற்ற அப்சார்பர், வெப்பம் தாங்கும் பிரேக் கட்டைகள். இவ்வளவுதான்.

முதல் தடவை என்ஜினை உயிர்ப்பித்த நாளை நான் மறக்க மாட்டேன். தவுக்கே ஒரு கண்ணாடிக் கிளாசில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி என்ஜின் தலைமேல் வைத்தார். ஒரு நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியை என்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்துக்கொண்டு கார்புரேட்டர் திருகைத் திருப்பினார். தண்ணீரில் முதலில் அலை எழுந்தது. பிறகு சின்னச் சுருக்கங்கள். கடைசியில் தண்ணீர் அசையவே இல்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் குளம் மாதிரி நின்றது. பூசையில் மணி அடிக்கும்போது எனக்குள் என்ன நேருமோ அதுதான் அப்போது நேர்ந்தது. தெய்வக் குற்றம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

வண்டி தயார். புஷ் மட்டும் பாக்கி. புதியவற்றை நான் கையில் எடுத்தபோது தவுக்கே தடுத்தார். "முதல்ல பழசப் போடு."

எனக்குப் புரியவில்லை.

"இடது பக்கம் பழசு. வலது பக்கமும் பழசு. அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி."

சொன்னபடி மாட்டினேன். அறுத்ததற்கு மட்டும் அதே போல எண்ணெயில் ஊறிய இன்னொன்று. அலமாரியில் வைத்திருந்த பாதிகளில் எண்ணெயில் கிடந்தது அதற்குள் உப்பிக் குழைந்துவிட்டிருந்தது. மற்றது வைத்தபடியே இருந்தது.

பீடோருக்கு உள்ளே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த செம்பனைக் காட்டில் ஒரு நேரான தார்ச்சாலை உண்டு. அங்கே போனோம். தவுக்கே ஓட்டினார், நான் பக்கத்தில். சைக்கிளில் போகும்போது தெரு நாய்க்குக்கூட வழிவிட்டு இறங்கி நிற்கிற மனிதர் அவர். அன்று கியரை மாற்றிய விதமே வேறு. எந்த அசைவிலும் அவசரமில்லை, பனைமரங்கள் மட்டும் பின்னால் பறந்தன. நல்ல வேகம் வந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, தொடாமல் மேலே பிடித்துக்கொண்டு, பிரேக்கை மிதித்தார்.

கார் இடது பக்கம் பாய்ந்தது. பனைமரம் என் கண்ணாடிக்கு நேராக வந்தது. மாதாவே என்று கத்தியிருப்பேன், ஆனால் அதற்குள் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சாலைக்குத் திருப்பிவிட்டார். கார் நின்றது. என் சட்டை முழுக்க வியர்வை.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லல," என்றார் தவுக்கே.

அங்கேயே மரநிழலில் ஜாக்கி போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் புதுப் புஷ்களை மாட்டினேன். மறுபடி அதே சாலை, அதே வேகம், கைகள் மேலே, பிரேக். நூல் பிடித்தது போலக் கார் நேராகப் போய் நின்றது. மறுபடி செய்தார். மறுபடி. ஒவ்வொரு முறையும் நேராக. நான் அவரைப் பார்த்தேன். இந்த உண்மைக்காக இந்த மனிதர் தன் உயிரையும் என் உயிரையும் பனைமரத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். கோபப்பட வேண்டியவன் நான். கும்பிடத்தான் தோன்றியது.

திரும்பும் வழியில் மீண்டும் கேட்டேன். "இப்ப நிச்சயமாயிருச்சு. பெரியவருக்கு எப்படிச் சொல்றது?"

"நான் சொல்ல மாட்டேன். சாமானைப் பாக்க வரச் சொல்லு. எல்லாருக்கும் அதானே முறை."

"அவருக்குப் புரியலன்னா?"

"அவன் ரப்பர்காரன். புரியும். அவன் மகன் ரெண்டு வருசமா தன் கைய நம்பல சாமி. நாம வாய மூடிக்கிட்டா அவன் எப்பவும் நம்ப மாட்டான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். வாசுகிதான் எப்படியோ அழைத்து வந்திருந்தாள். குணா பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டான். கார் வெள்ளை வெளேரென்று நின்றது. ஆனால் இடது பக்கப் புஷ் ஒன்று மட்டும் அதில் இல்லை. போன இரவு வரை மாட்டியிருந்ததைத் தவுக்கே காலையில் வந்து கழற்றச் சொல்லியிருந்தார். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

மாணிக்கம் அண்ணன் தகரத்தின் முன் வந்து நின்றார். தவுக்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். பெரியவர் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ரப்பர் புஷ்களிடம் வந்ததும் அவர் கை தானாகப் போயிற்று. ஆலையில் தகடு பார்த்த கை அது. வலது பக்கத்ததை எடுத்து அழுத்தினார், வைத்தார். இடது பக்கத்ததை எடுத்து அழுத்தினார். நின்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி வலது, மறுபடி இடது. கடைசியாக அறுத்த புஷ்ஷை மூக்கருகே கொண்டு போனார்.

பெரியவரின் தோள் மெல்ல இறங்கியது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடலாம். எங்களுக்கு எதுவும் தெரியாது என்றே அவர் நினைத்திருப்பார். மகன் அவ்வளவு தூரத்தில், எதுவும் தெரியாமல் நிற்கிறான். அந்தச் சில நொடிகளில் நான் அவருக்காக உள்ளுக்குள் செபம் பண்ணினேன். எதற்காக என்று கேட்டால் எனக்கே தெரியாது.

"குணா," என்றார். "இங்க வாப்பா."

குணா நிமிர்ந்தான். தங்கையைப் பார்த்தான். பிறகு மெல்ல வந்தான்.

பெரியவர் அந்தப் புஷ்ஷை அவன் உள்ளங்கையில் வைத்தார். "மோந்து பாரு. உங்கம்மா காய்ச்சுற எண்ண. நான்தான் போட்டேன். வாரா வாரம் போட்டேன். ரப்பரப் பத்தி எனக்குத் தெரியாததான்னு போட்டேன். அது இத அழிச்சிருச்சு." மகன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "நீ பிரேக் வச்சது சரிதான். உன் மேல ஒரு தப்பும் இல்ல. உன் தங்கச்சி காலும் என்னாலதான் போச்சு. உன்னையும் நான்தான் முடக்கிப் போட்டேன்."

குணா அந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். "என் கைதான்பா தப்புப் பண்ணிருச்சுன்னு நெனச்சேன்," என்றான் கடைசியில். "தூக்கத்துலகூட பிரேக் வச்சுப் பாத்தேன்."

வாசுகி வந்து இருவரின் நடுவில் நின்றாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது, என் கண் அப்போது சரியாக இல்லை.

அப்போதுதான் தவுக்கே அசைந்தார். வெளியாள் எவரையும் தன் சாமானைத் தொட விடாதவர், ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும் புதுப் புஷ்ஷும் கொண்டுவந்து மாணிக்கம் அண்ணனிடம் நீட்டினார். "ஒன்னு பாக்கி. இடது பக்கம். நீயே போடு," என்றார். காலையில் ஏன் கழற்றச் சொன்னார் என்பது அப்போது விளங்கியது. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் படுத்தார். குணா மறுபக்கம் படுத்து விளக்கைப் பிடித்தான். நான் அழுத்தும் கருவியை எடுத்துக் கொடுத்தேன். வண்டிக்கு அடியில் அப்பாவும் மகனும் ஏதோ பேசிக்கொண்டார்கள். அது எங்களுக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

அடுத்த ஞாயிறு தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போனோம். தவுக்கே வரவில்லை, என்னைப் போகச் சொன்னார். குணா ஓட்டினான். மாணிக்கம் அண்ணன் முன்னிருக்கையில், நானும் வாசுகியும் பின்னால். மேலே ஏறும்போது குணாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் வெகுமுன்னாலேயே வேகத்தைக் குறைத்தான். மூங்கிலும் பெரணியும் கண்ணாடியை உரசின. மேலே தேநீர் குடித்துவிட்டு இறங்கத் தொடங்கினோம்.

இறங்கும்போது வண்டி தன்னைக் காட்டியது. ஒவ்வொரு வளைவிலும் சாலையைக் கையால் பிடித்துக்கொண்டது போலத் திரும்பியது. குணாவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. நான் மாட்டிய ஸ்பிரிங், நான் ராவிய துளைகள் எல்லாம் மறந்துபோய், அந்த மலையும் அந்தப் பையனும் அந்த வண்டியும் சேர்ந்து செய்ததைப் பார்த்து வியந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வளைவு வந்தது. எனக்குத் தெரியாது, வாசுகியின் கை என் கையை இறுகப் பிடித்ததும்தான் தெரிந்தது. பாறையில் இன்னும் ஒரு கீறல் இருந்தது. குணா பிரேக் வைத்தான். வண்டி நேராகவே போய் வேகத்தைக் குறைத்து, அவன் திருப்பிய பக்கம் திரும்பி, வளைவைக் கடந்தது. பாறை பின்னால் போயிற்று.

அதற்குப் பிறகும் அவன் மெதுவாகத்தான் போனான். தன் அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக இருக்கலாம். பின்னால் ஒரு லோரி வந்து ஒலி எழுப்பியது.

மாணிக்கம் அண்ணன் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ஏன்பா இப்படி ஊர்ந்து போற?" என்றார். "கொஞ்சம் வேகமா போலாம்லா."